செடிக்குக் கட்டிய காப்பு

வள்ளூரில் எங்களுக்கு முப்பது சென்ட் குத்தகை நிலம். அதில் இருநூறு மல்லிகைச் செடி. எல்லாம் என் மனைவி கெங்கம்மா பதினெட்டு வருஷமாக வளர்த்தது. நான் லாரி ஓட்டுகிறவன். செடிக்குத் தண்ணீர் விடுவதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த நிலம் வேம்புவுடையது. அவளும் மல்லிதான் போட்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் டோல்கேட்டுக்குப் போய், ஒரே சாக்கை விரித்து உட்கார்ந்து பூ விற்பார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் இரண்டு கூடையையும் தூக்கிக்கொண்டு போவாள்.

கார்த்திகையில் வெள்ளம் வந்து வடிந்தது. சில மாதம் கழித்துக் கால்வாய் ஓரத்து வேலியில் மஞ்சளாக ஒரு கொடி படர்ந்தது. இலை கிடையாது, வெறும் நூல். அம்மையார் கூந்தல் என்பார்கள். அம்மனே முடியை விட்டுப் போயிருக்கிறாள் என்று நான் நம்பினேன்.

ஆடியிலும் அந்த வருஷம் வெயில் குறையவில்லை. செடிகள் வாடிக் கிடந்தன. எங்கள் தெருவில் அம்மனுக்குக் காப்புக் கட்டிய அன்று, மனுஷனுக்கு மஞ்சள் கயிறு கட்டுகிறோமே, செடிக்கும் கட்டினால் என்ன என்று தோன்றியது. கொடியை அறுத்துவந்து, பூப் பறிக்கும்போது கையில் சிக்காதபடி அடித்தண்டில் துண்டு துண்டாகக் கட்டினேன். கெங்கம்மா டோல்கேட்டுக்குப் போயிருந்தாள். வேம்பு அன்று போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாள்.

“இன்னா மாமா, செடிக்கெல்லாம் சவுரி வெச்சி சீவி வுடுறியா?”

“அம்மன் முடி வேம்பு. உன் செடிக்கும் கட்டட்டா?”

“வோணாம்பா சாமி. என் முடிய வாரவே நேரமில்ல.”

புரட்டாசிக்குள் பாதி நிலம் மஞ்சள் வலை போட்டது மாதிரி ஆகிவிட்டது. மொட்டு நின்றது. இலை வெளுத்தது. கெங்கம்மா பிய்த்துப் பிய்த்துப் போட்டாள். போட்ட இடத்திலும் முளைத்தது. ஒரு நாள் வேலியண்டை போய்க் கத்தினாள்.

“ஏன்டி, கால்வா கலீஜெல்லாம் வாரி என் நெலத்துல போட்டியா? எம் பூ நல்லா போவுதுன்னு வயித்தெரிச்சலா உனக்கு?”

வேம்பு என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன்.

“நான் போடலக்கா,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாளிலிருந்து வேறு வேறு பஸ்.

மார்கழியில் பனி விழுந்தால் கொடி ஒடுங்கிவிடும் என்றார்கள். பனியே விழவில்லை. தை மாதம் வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து பார்த்தார்.

“இதுக்கு மண்ணுல வேர் இல்லம்மா. செடிக்குள்ள வேர விட்டு அதோட சாறத்தான் குடிக்குது. ஒரு துண்டு போதும், பரவிடும். வெள்ளத்துல விதை வருது. வெயில்ல சோர்ந்த செடின்னா அதுக்கு இன்னும் சுலபம். முன்ன இவ்வளவு பார்த்ததில்ல. விதை விழறதுக்குள்ள செடியோட புடுங்கி எரிச்சிடுங்க.”

ஒரு துண்டு போதும். நான் இருநூறு துண்டு கட்டியிருந்தேன்.

மூன்று நாள் பிடுங்கினோம். கடைசிச் செடியைக் குவியலில் போட்டுவிட்டுக் கெங்கம்மா தீப்பெட்டியை எடுத்தபோது சொல்லிவிட்டேன். “நான்தான் கட்னேன் கெங்கா. ஆடி மாசம். காப்புன்னு.”

திட்டுவாள் என்று நினைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“செடி போனா போவுதுய்யா. நாலு மாசமா அவகூட பேசலியே நானு. அவள நான் கத்துனப்ப என் வாயப் பாத்துகினு தான நின்ன?”

எழுந்து வேலிக்குப் போனாள். அங்கேயும் வேம்பு ஒரு குவியலுக்கு முன்னால் நின்றிருந்தாள். கொடி வேலி தாண்டியிருந்தது.

“வேம்பு. இந்த ஆளுதான்டி கட்டிக்கீறாரு.”

“தெரியும்க்கா. நான் பாத்துகினுதான இருந்தேன்.”

“அப்ப ஏன்டி சொல்லல?”

“மாமாவே சொல்லட்டும்னு கம்முனு இருந்தேன்.”

கெங்கம்மா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நாளைக்கு ஒன்னா பஸ்சுக்குப் போலாம் வாடி.”

“இன்னாத்த எடுத்துகினு போறதுக்கா?” என்றாள் வேம்பு. திரும்பித் தன் குவியலுக்குத் தீ வைத்தாள்.