மரகதம் என்கிற ஜுமுருத்

நான்கு வருடமாக அத்தா என்னோடு பேசவில்லை. வண்ணாரப்பேட்டையில் ரத்தினக்கல் வியாபாரம் செய்யும் சௌக்கத் அலியின் மகள் ராயபுரத்துக் கிறிஸ்தவனைக் கட்டிக்கொண்டால் வேறென்ன நடக்கும்? எனக்கு மகள் பிறந்ததும், செத்துப்போன அம்மாவின் பேரைத்தான் வைக்கப்போகிறேன், ஜுமுருத் என்று, அத்தாவுக்குச் சொல்லியனுப்பினேன். அந்தப் பேருக்காகவாவது வருவார் என்று ஒரு நப்பாசை.

மாமியார் இருதயம்மாள் அதில் மண்ணைப் போட்டார். பேர் பதியப் போன இடத்தில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், 'மரகதம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

"ஜுமுருத்துன்னா பச்சைக்கல்லுன்னு நீதானமே சொன்ன? எங்க வாயில அது நொழையல. அதான் தமிழ்ல போட்டேன்."

இரண்டு நாள் அவர் முகத்தையே நான் பார்க்கவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

என் புருஷன் நோயல் எண்ணூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். சமாதானத்துக்கு ஒரு காகிதத்தோடு வந்தான். "கப்பல்ல ஒரு ஆர்மீனியாக்காரன் கீறான். அவங்கம்மா பேரு ஸ்ம்ருக்தாம். அதுவும் இதே கல்லுதான். பாரு, அவனே எழுதிக் குடுத்தான்."

"உங்கம்மாவுக்கு வக்காலத்தா? போய்யா!"

ஞாயிற்றுக்கிழமை அத்தா வந்தேவிட்டார். செருப்பைக் கழற்றும்போதே, "ஜுமுருத் எங்கம்மா?" என்றார். மறைத்து என்ன பயன்? சர்டிபிகேட்டை நீட்டினேன். வாசித்தார். பக்கத்தில் கிடந்த காகிதத்தையும் எடுத்தார்.

"இது இன்னா எழுத்து?"

நோயல் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ஸ்ம்ருக்த்." அத்தா மெல்லச் சொல்லிப் பார்த்தார். "பாரசீகத்துல ஜுமுருத். கிரேக்கத்துல ஸ்மராக்தோஸ். இங்க மரகதம். ஊரூரா வாயில பொரண்டு வந்த பேரு. எவன் எப்படிக் கேட்டாலும் கடையில நான் ஒரே பொட்டலத்தத்தான் பிரிப்பேன்."

"கோவம் இல்லியா அத்தா?"

அவர் என் மாமியாரைக் கூச்சத்தோடு பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்கம்மாவ, யாரும் இல்லாதப்ப, மரகதம்னுதான் கூப்டுவேன்."

எனக்குத் தெரியவே தெரியாது. யாருக்குமே தெரியாது.

குழந்தையை வாங்கிக்கொண்டார். காதருகே குனிந்து "மரகதம்" என்றார். மறுபடி சொல்லப்போய் அழுதுவிட்டார்.

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி பக்கத்தில் வந்தார். "ஜு... ஜுமுருத்துன்னும் ஒருதபா கூப்டுங்க, சம்பந்தி," என்றார்.