எந்த ஆமா?

1

ஒரு கேள்வியைக் கேட்கக் கூசியதால் வந்த கதை இது.

மேல்வீட்டில் ஏழு வருடமாகக் குடியிருக்கிறேன். கீழே ஒர்தென்சியாவும் அவள் கணவர் செத்திமியோவும். தினமும் காலையில் அவர்கள் பேச்சு மாடிக்குக் கேட்கும்.

"காபி போடட்டுமா?"

"ஆமா."

"எந்த ஆமா?"

பிறகு இருவரும் சிரிப்பார்கள். இருபது வருடமாக இதே பேச்சு என்றும் அதற்கு என்ன காரணம் என்றும் முடிவெட்டும் ரொக்கோதான் எனக்குச் சொன்னார். ஒர்தென்சியாவிடமே கேட்டிருக்கலாம். எழுதுவது சுலபமாகப் பட்டது.

2

முதல் தொடக்கம்: "1974 மே மாதம் இத்தாலி முழுவதும்..."

(அடித்துவிட்டேன். இத்தாலி முழுவதும் எனக்குத் தெரியாது. இந்த மலையூர் தெரியும்.)

இரண்டாவது தொடக்கம். செத்திமியோ அப்போது ஊரில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் செயலாளர். அடுத்த வருடம் அவர்தான் மேயர் என்று பேச்சு. அதற்குள் வாக்கெடுப்பு வந்துவிட்டது. விவாகரத்துச் சட்டத்தை நீக்கலாமா என்பது கேள்வி. ஆகவே விவாகரத்து வேண்டாம் என்பவர்கள் "ஆம்" போட வேண்டும். இருக்கட்டும் என்பவர்கள் "இல்லை". செத்திமியோ இதை வீடு வீடாகப் போய் விளக்கினார்.

"வேணாம்னு சொல்றதுக்கு எதுக்குப்பா ஆமா?" என்றாள் ரொக்கோவின் அம்மா.

"பெரியம்மா, கல்யாணத்தன்னிக்குப் பாதிரியார் கேட்டப்போ என்ன சொன்னீங்க? ஆமான்னுதானே? அதையே திரும்பப் போடுங்க."

"அப்பவும் புரியாமத்தான் சொன்னேன்."

அவர் சளைக்கவில்லை. மாதிரி வாக்குச்சீட்டு நூற்றிருபது தயாரானது. ஒவ்வொன்றிலும் "ஆம்" மேல் ஒரு சிலுவைக் குறி. கையால் எழுதியது ஒர்தென்சியா.

[இதை நினைவில் வையுங்கள். நான் வைத்திருக்கிறேன்.]

3

ஆம் 611. இல்லை 618.

(வித்தியாசம் ஒரே வாக்கு என்று முதலில் எழுதினேன். கதைக்கு நன்றாக இருந்தது. பிறகு வெட்கமாகிவிட்டது. ஏழுதான்.)

நாடும் "இல்லை" என்றது. ஆனால் இந்த ஊர் கட்சியின் கோட்டை. இங்கே "ஆம்"தான் ஜெயிக்கும் என்று மேலிடத்துக்கு செத்திமியோ உறுதி கொடுத்திருந்த ஊர். தெருவில் அவரைப் பார்த்தவர்களெல்லாம், "தப்பாப் போட்டுட்டேண்ணே," என்றார்கள். ஏழு வாக்கில் தோற்ற ஊரில் மதியத்துக்குள் நாற்பது பேர் தவறிப் போட்டிருந்தார்கள்.

அவர் சாப்பிட வீட்டுக்கு வந்தார்.

"நான் 'இல்லை'தான் போட்டேன்," என்றாள் ஒர்தென்சியா, சூப்பை ஊற்றிக்கொண்டே.

அவர் கரண்டி நின்றது. "விவாகரத்து வேணாம்னு நெனச்சு 'இல்லை' போட்டியா? இல்ல..."

"ஆறிப் போகுது, சாப்பிடுங்க."

அவள் கீழுதட்டில் ஊதாக் கறை இருந்தது.*

* வாக்குச்சாவடிப் பென்சில் எழுதினால் அழியாது. ஈரம் பட்டால் ஊதாவாகும். அவள் நாக்கில் தொட்டு எழுதியிருக்கிறாள். நான் வேதியியல் படித்தவள். கறையை வைத்து, குறி அழுத்தமாக விழுந்திருக்கும் என்று சொல்லலாம். எந்தக் கட்டத்தில் என்று சொல்ல முடியாது.

4

அவள் தவறிப் போட்டிருந்தால், சொந்த வீட்டுக்கே சொல்லிக்கொடுக்கத் தெரியாத செயலாளர் அவர். தெரிந்தே போட்டிருந்தால்... (இந்த வரியை அவரும் முடிக்கவில்லை.)

மறுநாள் மேலிடத்து ஆள் வந்தார். "யாருய்யா கவுத்தது?"

"யாருமில்லைங்க. என் வீட்டுலயே தப்பாப் போட்டுட்டாங்க. நான் சொல்லிக்கொடுத்தது சரியில்லை."

அன்றே பதவி விலகலை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த ஜூனில் இடதுசாரிகள் ஊரைப் பிடித்தார்கள். மேயரானது முடிவெட்டும் ரொக்கோ. கதையை எனக்குச் சொன்னவரும் அவர்தான் என்பதால் கொஞ்சம் கவனமாகவே நம்புங்கள்.

5

முடிவு அ: நூற்றிருபது முறை "ஆம்" எழுதிக் களைத்த கை, சாவடியில் தானாகவே மறுபக்கம் போனது.

முடிவு ஆ: நூற்றிருபது முறை எழுதியவளுக்கு ஆம் எது, இல்லை எது என்று ஊரில் யாரையும்விட நன்றாகத் தெரியும்.

(இதற்காக அவளுக்குக் குடிகாரக் கணவனிடம் மாட்டிக்கொண்ட ஒரு தங்கையை உண்டாக்கினேன். எடுத்துவிட்டேன். போகிற எண்ணம் இல்லாதவளும் கதவைத் திறந்து வைக்கலாம்.)

நேற்று கீழே போனேன்.

"என்னைப் பத்தி எழுதறியாமே?" என்றாள் ஒர்தென்சியா.

"ஆமா."

"எந்த ஆமா?" என்றார் செத்திமியோ, அடுப்படியிலிருந்து.

"முடிவு எழுதிட்டியா?" என்று கேட்டாள் ஒர்தென்சியா.

"இல்லை."

"எந்த இல்லை?" என்றாள் அவள், கண் சிமிட்டி.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேள்வி வாய் வரை வந்துவிட்டது. அப்போது செத்திமியோ காபி ஊற்றுவதை நிறுத்திவிட்டு, திரும்பாமல் நின்றார்.

"சர்க்கரை எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

6

ஆகவே உங்களிடம் விடுகிறேன்.

"ஒர்தென்சியா தவறித்தான் போட்டாள்" என்ற முடிவை இந்தக் கதையிலிருந்து நீக்க விரும்புகிறீர்களா?

☐ ஆம்   ☐ இல்லை

(நிதானமாகப் போடுங்கள். அழியாது.)