வெயிலில் கறுத்த திரை

1.

சோதித்துப் பார்க்காமல் சொன்ன ஒரு பதிலிலிருந்து இந்தக் கதை வந்தது. செவ்வாய்க்கிழமை மாலை எழுத்து வகுப்பில் இதை மூன்று விதமாகத் தொடங்கி வாசித்தேன்.

அ) மிர்யானாவின் அப்பா ஸ்லாவ்கோ முப்பத்தொரு வருடம் ஓபல் கல் தோண்டி

(சுரங்கத்தில் தொடங்கினால் வாசகர் விபத்தை எதிர்பார்ப்பார். இதில் விபத்து இல்லை. நுரையீரலில் தூசு மட்டும்தான்.)

ஆ) அன்று கூபர் பீடியில் ஜூலை மாத வெயில் இதமாக

(வானிலை அறிக்கை. ஆஸ்திரேலியாவில் ஜூலை குளிர்காலம் என்று வேறு விளக்க வேண்டும்.)

இ) மலிவான மின்நூல் கருவி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை

(வகுப்பில் சிரித்தார்கள். ஆனால் மூன்றில் இதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.)

2.

டாக்டர் செப்டம்பர்வரை என்று சொன்ன பிறகு ஸ்லாவ்கோ பகலில் வீட்டுக்குள் இருப்பதில்லை. எங்கள் வீடுகள் குன்றைக் குடைந்தவை, ஜன்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நேர் வெயிலில் உட்கார்ந்துவிடுவார். நிழல் ஆகாது, குளிர் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

"உள்ள வாங்கப்பா, காத்து அடிக்குது."

"கீழ போக என்ன அவசரம்? எப்படியும் அங்கதான் கொண்டுபோய் வைக்கப்போறீங்க."

"பேசுங்க, இப்படியே பேசுங்க."

"பேச வேணாம்னா படிக்க ஏதாவது குடு. நம்ம பாஷையில. சாகப்போறவன் இங்கிலீஷ்ல படிச்சிட்டா போவான்?"

குரோவேஷிய மொழிப் புத்தகம் அச்சில் வந்துசேர இரண்டு மாதம் ஆகும். மின்நூல் என்றால் அன்றைக்கே. பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் மிர்யானா கடைக்கு வந்தாள். அவளால் முடிந்த விலையில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்றின் திரை காகிதம் மாதிரி சாம்பல் நிறம், பளபளப்பே இல்லை. மற்றது தள்ளுபடியில் வந்த டேப்லெட்.

கடையும் குன்றுக்குள்தான். எங்கள் ஊரில் திரைச்சீலையைக்கூட விளக்கடியில் பார்த்துத்தான் வாங்குவோம். வாசல்வரை எடுத்துப்போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

"இது என்ன, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு?"

"அது அப்படித்தான். இதப் பாருங்க, எவ்ளோ பளிச்னு."

"அப்பா வெளியதான் உக்காருவாரு. வெயில்ல எழுத்து தெரியுமா?"

"இவ்ளோ வெளிச்சமா இருக்கு, தெரியாம என்ன?"

3.

அந்தப் பதிலைச் சொன்ன ஆளை முதலில் அடிலெய்டிலிருந்து வந்த ஐம்பது வயதுக்காரராக எழுதினேன். பிறகு தலைவலி பிடித்த ஒரு பெண்ணாக. "இந்தப் பாத்திரத்துக்கு மட்டும் உயிரே இல்லையே, யார் இது?" என்று கேட்டார் ஆசிரியை பிரான்வென்.

நோட்டை மூடிவிட்டேன்.

நான்தான். அன்று நான் ஏதோ அவசரத்தில்

(இல்லை. கடையில் வேறு யாருமே இல்லை. கல்லாவிலிருந்து வாசலுக்குப் பதினாறு அடி. பிறகு அளந்து பார்த்தேன்.)

4.

பொழுது சாய்ந்ததும் ஸ்லாவ்கோ உள்ளே வருவார். சூப்பை ஊதிக்கொண்டே, அந்த டேப்லெட்டில் அன்று படித்ததைச் சொல்வார். ஒரு தீவு. அங்கே ஒருவன் கழுதையைத் திருடி, அதற்குச் சாயம் பூசி, திருடிய வீட்டுக்கே விற்கப் போகிறான். வீட்டுக்காரிக்குக் கழுதை அடையாளம் தெரிந்துவிடுகிறது. ஆனால் அவளுக்குத் திருடனையும் பிடித்துப்போகிறது.

"இன்னிக்கு என்னப்பா ஆனான் உங்க கழுதைக்காரன்?"

"மழ வந்துருச்சு. பாதி வழியில சாயம் ஒழுகுது."

"ஐயோ, அப்புறம்?"

"மிச்சத்த நாளைக்குத்தான் படிப்பேன். எல்லாத்தையும் இன்னிக்கே தின்னுட்டா எப்படி?"

அம்மா போன பிறகு மிர்யானா அந்த வீட்டில் சிரித்தது அப்போதுதான்.

போன வியாழன் சீக்கிரம் வேலை முடிந்து, காப்பி எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். திரையில் ஓர் எழுத்துகூட இல்லை. வானம் இருந்தது, தண்ணீர்த் தொட்டி இருந்தது, நடுவில் அப்பாவின் முகம். அவர் விரல் மட்டும் நிதானமாகப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

சத்தமில்லாமல் உள்ளே திரும்பிவிட்டாள். அன்று அவர் தூங்கிய பிறகு கருவியைத் திறந்தாள். பதினோராம் பக்கத்தோடு நின்றிருந்தது. வெயிலில் திரை அணைந்துபோனதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. நுனிப்புல் மேய்ந்து கடைசிவரை தள்ளிப் பார்த்தாள். தீவும் இல்லை, கழுதையும் இல்லை.

(இதையெல்லாம் அவள்தான் என்னிடம் சொன்னாள். திரையில் தெரிந்த முகம் எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லவில்லை. அதனால் நானும் எழுதவில்லை.)

5.

முடிவுகள்.

அ) மிர்யானா கருவியை மாற்றுகிறாள். ஸ்லாவ்கோ தன் மொழியை வெயிலில் படிக்கிறார். பிரான்வெனுக்குப் பிடித்த முடிவு. (ஆனால் மாற்றிய நிமிடமே மகளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிடும். கழுதைக்காரன் பாதி வழியில் நனைந்தபடியே நின்றுவிடுவான். ரோஷக்காரர்.)

ஆ) மாற்றுவதில்லை. கதை தொடர்கிறது. மகள் வாங்கித் தந்தது வீணில்லை என்று காட்டுவதற்காக, மிச்சமிருக்கும் ஒவ்வொரு பகலும் அவர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு

(இதை எழுத முடியவில்லை.)

இ) வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் கெவின் சொன்னது: "கிழவனுக்குப் படிக்கக் கத வேணுமா, கத சொல்ல ஆள் வேணுமா? அதப் போய்க் கேளேன்." கேட்டுவிடலாம்தான். கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும், அதுவும் முதல் முடிவாகிவிடும்.

திருப்பிக் கொடுக்க முப்பது நாள் அவகாசம். இன்று முப்பதாவது நாள். நாலே முக்காலுக்கு மிர்யானா வந்து டேப்லெட்டைக் கல்லாமேல் வைத்தாள். சாம்பல் திரை இன்னும் அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். அவளும் வந்தாள். சாயும் வெயில் நேராகத் திரைமேல் விழுந்தது. ஒவ்வொரு எழுத்தும் அச்சடித்ததுபோல் நின்றது. அவள் ஒரு பத்தியை முழுதாகப் படித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"டெஸ், நீயே சொல்லு. மாத்தவா, வேணாமா?"

நான் அவளிடம்

இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. அவளுக்கு நான் ஏற்கெனவே ஒரு பதில் சொல்லியாயிற்று. ஐந்து மணிக்குக் கடையை மூட வேண்டும். அவள் இரண்டு கையிலும் இரண்டு கருவியை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இப்போது அவள் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான்.