மூன்று கார்களுக்கு ஒரே அட்வான்ஸ்

"இறந்துட்டாருங்க," என்று அவள் மூன்றாவது தடவையாகச் சொன்னாள். ஒரு கையில் கணவரின் போன், இன்னொரு கையில் அவருக்குக் கடைசியாகப் போட்டுவிட வேண்டிய வெள்ளைச் சட்டை. இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது. "காலைல ஆறு மணிக்கு. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில."

மறுமுனையில் இருந்த பெண் சலித்துப்போன குரலில், "அக்கா, போன மாசம் உங்க மாமியார் இறந்துட்டாங்கன்னு சொன்னீங்க. அதுக்கு முந்தின மாசம் சாருக்குக் கண் ஆபரேஷன். இன்னிக்கு வியாழக்கிழமை. வியாழக்கிழமை பணம் ரெடியா இருக்கும்னு அவரே சொன்னாரு. பன்னெண்டு மணிக்கு நான் வீட்டுக்கே வர்றேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாமியார் இறந்துவிட்டதாகச் சொன்னது அவள்தான். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்த கணவர், போன் மணி அடித்ததும் எச்சில் கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, 'நான் இல்லை, நான் இல்லை' என்று ஜாடை காட்டினார். என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல், வாய்க்கு வந்ததை அவள் சொல்லித் தொலைத்தாள். அந்த மாமியார் அப்போது பக்கத்து அறையில் மாத்திரையைக் காணோம் என்று சத்தம் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

ஊரில் எல்லோரும் அவள் கணவரைக் கார்க்காரர் என்பார்கள். மெயின் ரோட்டில் தகரக் கூரை போட்ட இடத்தில் பத்துப் பதினைந்து பழைய கார்களைத் துடைத்து நிறுத்தியிருப்பார். யாராவது ஒரு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தால் போதும், "நாளைக்கு இன்னொரு பார்ட்டி இதைப் பாக்க வருது. ஒரு அட்வான்ஸ் போட்டு வைங்க, உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன்" என்பார். ரசீதும் தருவார். பாங்க் கடன் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்.

தரமாட்டேன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதுதான் தொல்லையே. முடியாது என்கிற வார்த்தை அவர் வாயில் வராது. அன்றைக்கு வாங்கிய அட்வான்ஸ் அன்று சாயங்காலமே வேறொரு வண்டிக்கு டயராகவோ பெயின்ட்டாகவோ மாறியிருக்கும். இல்லாவிட்டால், நேற்று வந்து அதிகமாகக் கத்திவிட்டுப் போனவனின் பாக்கிக்குப் போயிருக்கும். கத்தாதவர்கள் காத்திருந்தார்கள். அவர்களை உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்து, "அந்த வண்டி போனா போகுது, இதைப் பாருங்க, இது அதைவிட நல்ல வண்டி" என்று அட்வான்ஸை ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்கு மாற்றி எழுதி அனுப்புவார். போகும்போது அவர்கள் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவார்கள்.

வீட்டுக்கு வரும் போன்களுக்கெல்லாம் முப்பது வருஷமாகப் பதில் சொன்னது அவள். ஊரில் இல்லை, குளிக்கிறார், காய்ச்சல், கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். இன்றைக்கு நிஜத்தைச் சொன்னால் நம்ப ஆளில்லை. காலையிலிருந்து இது நான்காவது போன். ஒருவர் சிரித்தே விட்டார்.

பத்து மணிக்கு உடம்பு வந்தது. முன் அறையில் குளிர்பெட்டிக்குள் படுக்கவைத்தார்கள். சட்டையின் காலரை அவள் சரிசெய்தாள். முகத்தில் வலி இல்லை, கவலை இல்லை. யாருக்கோ சமாதானம் சொல்லி முடித்த மாதிரி அமைதியாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகைக்குப் பதில் எரிச்சல்தான் வந்தது. நீங்க படுத்துட்டீங்க, நான் இவங்களுக்கெல்லாம் என்ன சொல்றது என்று மனதுக்குள் கேட்டாள்.

கணவரின் தம்பி மற்ற வேலைகளைக் கவனித்துக்கொண்டார். மின்மயானத்தில் இரண்டேகால் மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அதைத் தவறவிட்டால் அன்றைக்கு வேறு நேரம் இல்லை, நாளைதான். உடம்பை எடுத்துப்போக ஒரு மணிக்கு வண்டி வரும், அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது என்று சொல்லி ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சொன்னபடி பன்னிரண்டு மணிக்கு அந்தப் பெண் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நீலச் சட்டையும் பேன்ட்டும் போட்டிருந்தார், மார்பில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர் தைத்திருந்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். கார்க்காரர் போனில் அவர் நம்பரைப் 'பஸ்காரம்மா' என்றுதான் போட்டுவைத்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதில் மூன்று ரசீதுகள் ஒன்றாகப் பின் குத்தப்பட்டிருந்தன. ஒரே அட்வான்ஸ் நாற்பதாயிரம், மூன்று கார்.

வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் பஸ்காரம்மாவின் நடை தளர்ந்தது. உள்ளே வந்து குளிர்பெட்டியைப் பார்த்தார். உறையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாமியார் நிமிர்ந்து, அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "எம் பையனுக்குத் தெரிஞ்சவங்களா?"

"ஆமாம்மா," என்றார் பஸ்காரம்மா. "அஞ்சு மாசமா."

பிறகு அவள் பக்கம் திரும்பி, மெதுவாக, "இவங்க?" என்றார்.

"மாமியார்," என்றாள் அவள்.

பஸ்காரம்மா கிழவியை ஒருமுறை பார்த்தார். அவளை ஒருமுறை பார்த்தார். அந்த அறையில் முப்பது பேர் இருந்தார்கள், அந்த ஒருத்தர் முன்னால்தான் அவளுக்கு உடம்பு கூசியது. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

கொழுந்தனார் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். வந்திருப்பது யாரென்று அவர் மோப்பம் பிடித்திருந்தார். அட்வான்ஸ் கேஸ்தானே என்று கேட்டார். ரசீதில் இருப்பது அண்ணன் கையெழுத்து, அண்ணனே போய்விட்டார், நீங்கள் வாயைத் திறந்து எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்றார். இன்றைக்கு ஒருத்தருக்குக் கொடுத்தால் நாளைக்குப் பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள், கையில் இருப்பதையும் உருவிக்கொண்டுவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அக்கறையோடுதான் சொன்னார். அவளுக்குத் தலைதான் வலித்தது.

ஒரு மணியாயிற்று. வண்டி வரவில்லை. கொழுந்தனார் போன் செய்தார். கிளம்பிவிட்டது என்றார்கள். ஒன்றேகாலுக்கு மறுபடி செய்தார், பக்கத்தில் வந்துவிட்டது என்றார்கள். ஒன்று இருபதுக்கு வேறொருவர் எடுத்து, அந்த வண்டி இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டதாகவும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்படியும் சொன்னார். கொழுந்தனார் அட்வான்ஸ் பற்றிக் கேட்டதும் ஸ்பீக்கரில் பதில் தெளிவாக வந்தது.

"அதுக்கென்ன சார், திருப்பித் தந்துடறோம். நாளைக்கு ஆபீஸ் பக்கம் வாங்க."

அதே குழைவு, அதே நாளைக்கு. குளிர்பெட்டிக்குள் இருந்து வந்தது போலவே இருந்தது. அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். நல்லா கேளுங்க என்று சொல்லத் தோன்றியது.

கொழுந்தனார் கத்தத் தொடங்கினார். அந்தப் பக்கம் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அப்போது பஸ்காரம்மா எழுந்து வந்து கையை நீட்டினார். "போனைக் குடுங்க சார்."

அதே நம்பரை மறுபடி போட்டார், குரலை உயர்த்தவே இல்லை. "அண்ணே, வண்டி எப்ப வரும்னு நான் கேக்கல. இப்ப எங்க நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. எந்தத் தெரு? அங்க இறக்கியாச்சா, இன்னும் ஏத்தவே இல்லையா? சரி. வண்டி நம்பர் சொல்லுங்க, எழுதிக்கிறேன். டிரைவர் நம்பரும் சொல்லுங்க. உங்க பேரு? இல்ல, பேரைச் சொல்லுங்கண்ணே, நாளைக்கு வந்தா யாரைக் கேக்கறது? நான் வைக்கல. நீங்க இன்னொரு போன்ல டிரைவர்கிட்டப் பேசுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

ஒவ்வொரு கேள்வியும் அவளுக்குப் பழக்கமானதுதான். இந்த ஐந்து மாதங்களில் இதே வரிசையில், இதே நிதானத்தில் அவளிடம் கேட்கப்பட்டவை. வண்டி எண் மட்டும்தான் புதிது. எத்தனை தடவை பொய் சொல்லி இந்தக் குரலை இவ்வளவு தேற வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறு நிமிஷம் கழித்து பஸ்காரம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார். "பாலத்துக்கிட்ட நிக்குதாம். காலி வண்டி. பதினஞ்சு நிமிஷத்துல வரும். டிரைவரே பேசினாரு."

அவள் படுக்கையறைக்குப் போய்க் கைப்பையைத் திறந்தாள். நேற்று ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது ஐம்பதாயிரம் முன்பணம் கட்டச் சொன்னார்கள். வளையலை அடகு வைத்துக் கட்டினாள். காலையில் எல்லாம் முடிந்த பிறகு, கவுன்ட்டரில் இருந்த பெண் அவள் கேட்காமலேயே செலவைக் கழித்து, மீதி முப்பத்தோராயிரத்தை எண்ணி ஓர் உறையில் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டாள். அதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பணம் அவ்வளவு சுலபமாகத் திரும்பி வரும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

உறையைக் கொண்டுவந்து சமையலறையில் பஸ்காரம்மாவிடம் நீட்டினாள்.

"இன்னிக்கு வேண்டாம்க்கா. நான் கேக்கலியே."

"நீங்க கேட்டாச்சு. எண்ணுங்க."

வாசற்படியில் நின்ற கொழுந்தனார், "அண்ணி, கொஞ்சம் யோசிச்சு..." என்று இழுத்தார்.

"நீங்க தெருமுனையில போய் நில்லுங்க தம்பி. வண்டி வீடு தெரியாம திரும்பிடப் போகுது."

பஸ்காரம்மா நோட்டுகளை எண்ணினார். ஒன்பதாயிரம் குறைந்தது. மீதியை எப்போது தருவது என்று சொல்ல அவள் வாயெடுத்தாள், வரவில்லை. திங்கள், வெள்ளி, ஒண்ணாம் தேதி என்று எதைச் சொன்னாலும் கணவர் சொல்வது போலவே இருக்கும். எல்லாக் கிழமையையும் அவர் ஒருமுறை பயன்படுத்திவிட்டுப் போயிருந்தார்.

"மீதிக்கு என்னைக் கேளுங்க," என்றாள். "நான்தான் போனை எடுப்பேன்."

பஸ்காரம்மா தலையாட்டிவிட்டு, ரசீதின் பின்புறம் வாங்கிய தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதிக்காகச் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். அவர் பேனாவை மூடும்வரை காத்திருந்து அவள் சொன்னாள். "அன்னிக்கு மாமியாரைப் பத்தி நான் சொன்னது..."

"பொய்னு அப்பவே தெரியும்க்கா. பின்னாடி மாத்திரையைத் தேடற வயசானவங்க குரல் கேட்டுச்சு." ரசீதை உறைக்குள் திருப்பி வைத்தார். "ஆனாலும் ரெண்டு வாரம் நான் போன் பண்ணல. ஒருவேளை நெஜமா இருந்தா? துக்க வீட்டுல போய் எப்படிப் பணம் கேக்கறது?"

அவள் திரும்பி அடுப்பு மேடையைத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

வண்டி ஒன்றே முக்காலுக்கு வந்தது. பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மாமியாரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். கிழவி ஒரே ஒரு முறை மகனைச் சின்ன வயதுச் செல்லப் பெயரால் கூப்பிட்டார், அவ்வளவுதான். அவள் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் கணவரின் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. பின்னால் உடம்பை ஏற்றிக் கதவை அடைத்தார்கள்.

தெரு குறுகலானது. அதன் வாயில் ஒரு மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ் பாதி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. வரும்போது எப்படியோ ஒட்டி நுழைந்த வண்டி, அதை எடுத்தால்தான் திரும்பிப் போக முடியும். நீலச் சட்டை ஓடிப்போய் ஏறுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. அதன் பின்னாலேயே இவர்கள் போனார்கள்.

மெயின் ரோட்டில் மதிய நேரத்து நெரிசல். வலது பக்கம் திரும்ப வேண்டும், எதிரே வருகிறவர்களில் ஒருவரும் வழிவிடவில்லை. டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். முன்னால் போன பஸ் திடீரென்று திரும்பி, ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. லாரி, கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் அதற்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்தன. ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே நீண்டு, போங்கள் போங்கள் என்று ஆட்டியது.

வண்டி மெதுவாகத் திரும்பியது. பஸ்ஸை ஒட்டிக் கடக்கும்போது அவள் அண்ணாந்து பார்த்தாள். உள்ளே வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன இருக்கைகள் காலியாக இருந்தன. பஸ்காரம்மா இவர்கள் பக்கம் பார்க்கவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பள்ளிக்கூடம் விடும் நேரம் நெருங்கிவிட்டதா என்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.