ஈரத்தில் தெரியும் சுவர்

கலை விழா தொடங்க நான்கு நாள் இருந்தபோது அந்த வீட்டுச் சுவர்களைச் சுரண்டும் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். துனிஸ் பழைய நகரத்தில் ஹல்ஃபாவீன் சந்துக்குள் இருக்கிற வீடு. முற்றத்தைச் சுற்றிப் பதினான்கு அறை. அறைக்கு ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்த காலத்தில், ஒவ்வொரு வருடமும் நோன்பு மாதத்துக்கு முன்னால் அங்கே வெள்ளையடித்தவன் நான்தான். பிறகு வீட்டுக்காரர் இறந்தார், பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள், குடியிருந்தவர்கள் கலைந்தார்கள். எட்டு வருடம் பூட்டிக் கிடந்த கதவை இந்த வருடம் கலை விழாக்காரர்கள் திறந்தார்கள்.

வேலையைச் சொன்னவள் செலிமா என்ற பெண். பிரான்ஸில், மார்செய் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். நம் பேச்சையே பேசுவாள், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் சூடான ரொட்டியை எடுப்பதுபோல ஜாக்கிரதையாக எடுப்பாள். சுவரில் ஒரு வருடத்துப் பூச்சின்மேல் இன்னொரு வருடத்துப் பூச்சு இருக்கிறதல்லவா, அதை ஒவ்வொன்றாகச் சுரண்டிக் காட்ட வேண்டும், அதுதான் அவளுடைய கலை என்றாள். எனக்குப் புரிந்ததுபோலத் தலையாட்டினேன். வேலையாட்களை மேய்க்கிற ஹாத்தெம்தான் சிரித்தான். "லாரூசி சித்தப்பா, வெள்ளையடிச்சும் கூலி வாங்கின, இப்ப அதைச் சுரண்டியும் கூலி வாங்குற. நாளைக்கு மறுபடி அடிக்கச் சொல்லுவாங்க, எங்கயும் போயிடாத" என்றான்.

சுண்ணாம்பைக் காய்ந்தபடி சுரண்டினால் காரையும் சேர்ந்து பெயர்ந்துவிடும். முதலில் நனைக்க வேண்டும், ஊறவிட்டுத்தான் தகட்டை வைக்க வேண்டும். மாடியில் கடைசி அறை. வெளியூரிலிருந்து வேலை தேடி வந்த பையன்கள் நாலைந்து பேராக ஒண்டிக்கொள்கிற அறை அது. வாளித் தண்ணீரில் வெள்ளையடிக்கிற மட்டையை முக்கிச் சுவரில் இழுத்தேன். வெள்ளை மங்கி, உள்ளேயிருந்து கறுப்பாக ஏதோ மேலே வந்தது. கிணற்றுக்குள் குனிந்து பார்க்கிறவனுக்கு முகம் தெரிகிற மாதிரி. எழுத்துகள். கரியால் எழுதியவை. பார்த்துக்கொண்டே இருந்தபோது ஓரங்களிலிருந்து காய்ந்து, ஒவ்வொன்றாக உள்ளே போய்விட்டன. சுவர் மறுபடி வெறும் வெள்ளை.

மேலே இருந்த பூச்சு என்னுடையது. துணிக்குப் போடுகிற நீலத்தில் ஒரு சிட்டிகை கலப்பேன், அதனால் என் வெள்ளை எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும். அந்தக் கடைசி வருடம் வீட்டுக்காரர் கஞ்சத்தனம் பண்ணி ஒரு கைப் பூச்சு போதும் என்றுவிட்டார். ஒரு கை சுண்ணாம்பு ஈரமானால் எதையும் மறைக்காது.

செலிமா ஓடிவந்து பார்த்தாள். தானே மட்டையை வாங்கி இன்னொரு தரம் நனைத்தாள். பிறகு, இந்த அறையைச் சுரண்ட வேண்டாம், விழா நடக்கிற ஏழு நாளும் மணிக்கு ஒரு தரம் இந்தச் சுவரை நனைத்தால் போதும், ஜனங்கள் வந்து நின்று எழுத்து தோன்றி மறைவதைப் பார்க்கட்டும் என்றாள். நனைக்கிற வேலை எனக்கு.

அவள் போன பிறகு தனியாக நின்று படித்தேன். ஐம்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவன் நான். கடலில் காணாமல் போனவர்களின் பெயர்ப் பட்டியலை நகராட்சி மன்றத்துக் கதவில் ஒட்டும்போது, அதில் என் மகன் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் யாரையாவது கெஞ்சி நிற்க முடியவில்லை. அதனால் கற்றேன். இன்னும் மெதுவாகத்தான் வரும். நான் ஒரு வரியை முடிப்பதற்குள் அந்த வரி காய்ந்துவிடும். திரும்ப நனைப்பேன். முதலில் பெயர்கள்: பென் அரூஸ் ஊர் நிஸார், கஸ்ஸரீன் ஊர்ச் சகோதரர்கள் இருவர், தேதிகள், ஒரு கால்பந்துக் கழகத்தின் பெயர். ஜன்னலுக்குக் கீழே நெருக்கமாக ஐந்து வரி. மூன்று தரம் நனைத்துப் படித்தேன். நாலாவது தரம் நனைக்காமல் மட்டையை வாளியில் போட்டேன்.

"அப்பா, நோன்புக்கு முன்னாடி திங்கக்கிழமை நீங்க இங்க வெள்ளையடிக்க வருவீங்க. படிக்கத் தெரிஞ்ச யாரையாவது கூப்பிட்டு இதைக் கேளுங்க. வியாழன் காலையில ஸ்ஃபாக்ஸ்லேருந்து இத்தாலிக்குப் படகு. புதன் சாயங்காலம் வரைக்கும் இங்க மீன் சந்தைக்குப் பின்னால சிநேகிதன் ஹெதி வீட்டுல இருப்பேன். நீங்க வந்து கூப்பிட்டா வந்துடுவேன். வஜ்தி."

என் மகன் எங்களை விட்டுப் போய் அப்போது இரண்டு வாரம் ஆகியிருந்தது. இந்த அறையில் ஒண்டியிருந்தான் என்பதே சுவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னோடு சுண்ணாம்பு வாளி தூக்க மாட்டேன் என்றான். அப்படியானால் என் வாசலை மிதிக்காதே என்று சொன்னேன். அவனும் மிதிக்கவில்லை. அவனுக்கு நேரில் கேட்க ரோஷம், கேட்காமல் போகவும் மனம் இல்லை. அதில் அவன் என்னைப் போலத்தான்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சுவரில் கரிக் கிறுக்கல் இருந்ததைப் பார்த்தேன். பையன்கள் இருக்கிற அறையில் கிறுக்கல் இல்லாமலா? சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று வெள்ளையடிக்கிறவன் பார்ப்பதில்லை. அழுக்கு என்றால் அழுக்கு, அதன்மேல் மட்டை. கீழே முற்றத்தில் நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் மணி என்ன என்று மட்டும் கேட்டேன்.

என் மனைவி மப்ரூக்காவைப் பொறுத்தவரை அவன் இத்தாலியில், பலெர்மோவில் இருக்கிறான். யாரோ பார்த்ததாகச் சொன்னதை எட்டு வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். உடல் கிடைக்காதவர்களுக்கு நடத்துகிற தொழுகையை நடத்திவிடலாம் என்று இமாம் இரண்டு தரம் சொல்லியும் அவள் விடவில்லை. அவன் கோபத்தில் கூப்பிடாமல் இருக்கிறான், கோபம் உன்மேலதான், என்மேல இல்லை என்பாள். இப்போது இந்தச் சுவர் வேறு கதை சொல்கிறது. விழாவுக்கு எங்கள் தெரு முழுவதும் வரும். எதிர்வீட்டு நஜ்வா பள்ளிக்கூட ஆசிரியை. அவள் ஒரு பார்வையில் படித்துவிடுவாள். சாயங்காலத்துக்குள் மப்ரூக்காவின் காதில் அது வேறொருத்தி வாயிலிருந்து விழும்.

மூன்று நாள் வீட்டில் இதைச் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவைத்தேன். அவள் பல்வலியா என்று கேட்டு லவங்கம் கொடுத்தாள்.

விழா தொடங்குகிற காலை, ஒருவரும் வருவதற்கு முன்னால் போனேன். சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து எடுத்துப் போயிருந்தேன். ஜன்னலுக்குக் கீழே அந்த ஐந்து வரியை மட்டும் இரண்டு கை மூடிவிட்டால், மற்றவர்கள் பெயர்கள் இருக்கட்டும், நம் எழுத்துப் படிக்க வராத செலிமா கண்டுபிடிக்க மாட்டாள். மட்டையை வைத்து இழுத்தேன். பச்சைச் சுண்ணாம்பும் ஈரம்தானே. நான் பூசப் பூச, பூச்சுக்குள்ளேயே எழுத்து கறுத்து மேலே வந்தது. முன்னால் பார்த்ததைவிடத் தெளிவாக. மட்டைக்குக் கீழே "அப்பா" என்று வந்தது. மறுபடி இழுத்தேன், மறுபடி வந்தது. அறையில் நானும் வாளியும்தான். ஆனால் பின்னால் யாரோ நின்றுகொண்டு, நான் செய்வதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருப்பதுபோல் கழுத்தில் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பூசியதைக் காய்வதற்குள் துணியால் துடைத்தெடுத்தேன். பிறகு வீட்டுக்கு நடந்தேன்.

மப்ரூக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். என்னோடு வா என்றேன். எங்கே என்று கேட்டவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பதை நிறுத்தினாள். கையைக் கழுவாமலே துணியில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

மாடி அறையில் அவளை ஜன்னல் பக்கம் நிறுத்திச் சுவரை நனைத்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் கறுப்பு மேலே வந்ததும் ஓர் அடி பின்னால் போனாள். படித்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை. "நீங்க வந்து கூப்பிட்டா வந்துடுவேன்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்குள் அந்த வரியும் காய்ந்துவிட்டதால் திரும்ப நனைத்து, திரும்பப் படித்தேன்.

அவள் அழவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்தப் புதன்கிழமை சாயங்காலம் நீ எங்க இருந்த?"

"வீட்டுலதான். ஏணியில நின்னு கால் வீங்கிப் படுத்திருந்தேன்."

"ஆமா. நான்தான் எண்ணெய் தேச்சு விட்டேன்" என்றாள். பிறகு, "இந்தச் சுண்ணாம்பு எப்ப அடிச்ச?" என்றாள். திங்கட்கிழமை என்றேன். அவள் சுவரை நெருங்கினாள். மாவு ஒட்டிய விரலால் ஈரத்தைத் தொட்டாள், எழுத்தைத் தொடவில்லை, அதற்குப் பக்கத்தில்.

கீழே கதவைத் திறந்துவிட்டார்கள். படியில் ஆட்கள் ஏறிவரும் சத்தம். செலிமா வாசலில் வந்து நின்று, எங்களைப் பார்த்து, அவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினாள். ஹாத்தெம் எதையோ கேலியாகச் சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டான். கூட்டத்துக்கு முன்னால் நஜ்வா நின்றாள். அவள் கண் சுவரில் ஓடத் தொடங்கியதைப் பார்த்தேன். மப்ரூக்காவும் பார்த்தாள்.

"நஜ்வா, நீ படிக்க வேண்டாம்மா" என்றாள். பிறகு என்னிடம், "நீ படி மனுசா. வர்றவங்க எல்லாருக்கும் நீயே படி. சத்தமா."

ஏழு நாள் படித்தேன். மணிக்கு ஒரு தரம் நனைத்து, காய்வதற்குள் படித்து முடித்தேன். மனப்பாடம் ஆன பிறகும் சுவரைப் பார்த்துத்தான் படித்தேன், இல்லாவிட்டால் அவள் விடமாட்டாள். அவள் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள், பென் அரூஸிலிருந்து நிஸாரின் தாய் வந்தாள். நான் மகனின் வரியை முடித்ததும் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், அப்பா போனாரா என்று. நான்தான் பதில் சொல்ல வேண்டும். போகவில்லை என்பேன். அதோடு அடுத்த கூட்டம்.

கடைசி நாள் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு ஒரு கிழவர் அதையே கேட்டார். நான் வாயைத் திறந்தேன். மூலையிலிருந்து மப்ரூக்கா முந்திக்கொண்டாள்.

"போகல. அந்தச் சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் வீட்டுலதான் இருந்தோம்."

கிழவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். அவள் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நாளைக்கு வெள்ளிக்கிழமையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்படியானால் இமாமிடம் அந்தத் தொழுகைக்கு இன்றைக்கே சொல்லிவிட்டு வா, நான் போய் ஆட்களுக்குச் சமைக்க என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.