ஒற்றைப்படைத் துணிகள்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் இஸ்திரிப் பெட்டி என் சட்டை மேலேயே குப்புறப் படுத்துத் தூங்கட்டும். சத்தியம்.

நான் சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த காலம். துணிக்கு நம்பர் போட முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். புரோகிராம் எழுத வந்தவள் என் மருமகள். அவளுக்கு அதுதான் முதல் வேலை.

"ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கவா சார்?" என்று கேட்டாள்.

"ஒண்ணா? நேத்துத் திறந்த கடைன்னு நினைச்சுக்க மாட்டாங்களா? ஒண்ணு போட்டு பதினாறு சைபர் போடும்மா. அங்கேருந்து எண்ணு. ஊரு உலகத்துச் சட்டையெல்லாம் இங்கதான் வெளுக்குதுன்னு நினைக்கட்டும்."

கடை நேற்றுத்தான் திறந்திருந்தது.

துணிகளை வாங்கி, வெளுத்து, எண் வரிசைப்படி கம்பிக் கொக்கிகளில் மாட்டியாகிவிட்டது. திருப்பிக் கொடுக்கும் நாளில் முதலில் வந்தவர் ஒரு நீதிபதி. சீட்டில் கடைசி எண் ஐந்து. கவுன்டர் திரையோ நான்கு என்றது. நான்காம் கொக்கியில் தொங்கிய கோட்டை உறையோடு வாங்கிப்போனார். கோர்ட்டில் தீர்ப்பை வாசிக்கக் கையை உயர்த்தியதும் கைக்குள்ளிருந்து ஒரு புறா பறந்தது. அந்தக் கோட்டுக்கு இஸ்திரி போட்டவன் நான்தான், புறா மூச்சுவிடவில்லை. கூண்டில் நின்றவன், "ஐயா, எனக்கு விடுதலைன்னு அர்த்தமா?" என்றானாம்.

நான்காம் எண் சீட்டோடு மந்திரவாதி வந்தார். கொக்கி காலி.

"மறைய வைக்கறது என் தொழில்யா! நீங்க எதுக்குப் பண்றீங்க?"

மதியத்துக்குள் வரிசை தெருமுனை வரை போய்விட்டது. முதலாளி மருமகளிடம் வந்தார். "அஞ்சு மணிக்குள்ள சரியாகலேன்னா நான் கைச்சீட்டுக்குத் திரும்பிடறேன். நீ வீட்டுக்குத் திரும்பிடும்மா."

அவள் முகம் கசங்கிவிட்டது; அதற்கு இஸ்திரி என்னிடம் இல்லை.

"மாமா, எந்தெந்தத் துணி யாரும் தொடாம கிடக்குன்னு பாருங்களேன்."

கம்பியோரமாக நடந்து வாசித்தேன். "ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு... தெருவுல ஒத்தைப்படை நம்பர் வரிசை வீடெல்லாம் பூட்டிக் கிடக்கற மாதிரி இருக்கும்மா."

நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "உள்ள கணக்கு வெச்சிருக்கற புரோகிராம் ஒரு மொழி மாமா, அது சரியாத்தான் அனுப்புது. திரையில இருக்கறது ஜாவாஸ்கிரிப்ட்னு வேற மொழி. தொண்ணூறு கோடி கோடியைத் தாண்டினா அதுக்கு ஒற்றைப்படையே கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து இரட்டைப்படையில போய் உக்காந்துக்கும். நாம ஆரம்பிச்சதே பதினாறு சைபர், அதாவது நூறு கோடி கோடி."

"இப்ப என்ன பண்றது?"

"எண்ணா அனுப்பாம எழுத்தா அனுப்பறேன். ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டா, அது ஒரு பேரு மாதிரி, அப்படியே போய்ச் சேரும்."

முதலாளிக்குச் சந்தேகம் தீரவில்லை. "எழுத்தா அனுப்பினா அப்புறம் எப்படிக் கூட்டறது?"

"சட்டையையும் போர்வையையும் கூட்டி என்ன சார் பண்ணப் போறீங்க?"

ஐந்தடிக்க நான்கு நிமிடம் இருக்கையில் திரையில் ஐந்து ஐந்தாகவே வந்து நின்றது. வரிசை மளமளவென்று கரைந்தது. நீதிபதி கோட்டைத் திருப்பிக் கொடுத்தார். புறாவை மட்டும் தரவில்லை. அதற்குள் அது இரண்டு வழக்கை முடித்திருந்தது.

மருமகளின் வேலையை முதலாளி அன்றே நிரந்தரமாக்கினார். இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "உங்க மருமக மாதிரி உண்டா!" என்பார்.

எனக்கு மகன் கிடையாது. என் சட்டை முதுகில் இஸ்திரிப் பெட்டி அளவுக்குக் கருகியிருப்பது எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள்.