செல்லூரில் இருபத்திரண்டு நிமிடம்

மேடை ஏற இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. அப்போதுதான் சத்யப்ரியா தன் பெயர் போட்ட ஆய்வறிக்கையை முதல்முறையாக அச்சில் புரட்டினாள். நாற்பத்தோராம் பக்கத்தில் தூக்கிவாரிப் போட்டது.

'செல்லூரில் ஒவ்வொரு வீட்டுக்கும் சராசரியாக நான்கு தொலைபேசி நிறுவனங்களின் இணைப்பு கிடைக்கிறது. போட்டி போதுமானது.'

அவள் எழுதியது இதற்கு நேர் எதிர். ஆறு வாரம் மதுரை செல்லூர்ச் சந்துகளில் செருப்புத் தேய அலைந்து, நானூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கேட்டு எழுதியிருந்தாள். பத்துத் தெருவில் ஏழு தெருவுக்கு ஒரே கம்பெனியின் லைன்தான். பிடிக்காவிட்டாலும் வேறு போக்கிடம் கிடையாது. அந்தக் கம்பெனிதான் இந்த ஆய்வுக்கே நிதி கொடுத்தது. எவ்வளவு பெரிய மனசு என்று அன்றைக்கு அவளும் மெச்சிக்கொண்டாள்.

பெரிய கம்பெனி தன் கம்பங்களையும் கேபிள் வழியையும் சின்ன லைன்காரர்களுக்கு வாடகைக்கு விட்டாக வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. போட்டிதான் வந்துவிட்டதே, விதியை எடுத்துவிடுங்கள் என்கிறது கம்பெனி. எடுக்கலாமா என்று கேட்கத்தான் அரசின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறைக் குழு மதுரைக்கு வந்து, மாட்டுத்தாவணி பக்கத்து ஹோட்டலில் உட்கார்ந்திருக்கிறது. விதி போனால் செல்லூரில் மிச்சமிருக்கும் சின்ன லைன்காரர்கள் கடையைக் கட்டவேண்டியதுதான். அதற்குச் சாட்சிக் கையெழுத்தாக சத்யப்ரியாவின் பெயர் காலத்துக்கும் நிற்கும்.

பக்கத்தில் இருந்த ஹாலாஸ்யத்திடம் பக்கத்தை நீட்டினாள். ஆய்வு மையத்தின் இயக்குநர் அவர்தான்.

"என்ன சார் இது? நான் எழுதுனது எங்க?"

"கத்தாதேம்மா. கம்பெனிக்காரா எல்லார்கிட்டயும் மறுபடி போன்ல விசாரிச்சாளாம். அதைச் சேர்த்துண்டோம். நீ பேசாம வாசிச்சுட்டு இறங்கிடு. அடுத்த வருஷமும் மையம் நடக்கணுமோல்லியோ?" சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசிப் பக்கங்களைத் தள்ளினாள். அவள் சேகரித்த அதே நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், அதே எண்கள், அவள் எழுதிய அதே வரிசை. பதில்கள் மட்டும் புதுசு. அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'தொலைபேசி நேர்காணல், செவ்வாய் முதல் வெள்ளி வரை, காலை பத்து முதல் ஒரு மணி. ஒருவருக்கு இருபத்திரண்டு நிமிடம்.'

இரண்டு தடவை படித்தாள். வயிற்றிலிருந்து சிரிப்பு குபீரென்று கிளம்பியது. அடப்பாவிகளா! ஏசி அறையில் உட்கார்ந்து கதை கட்டியவன் ஒரே ஒரு நாள் செல்லூர்ப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். படிகளை எப்படி ஏறினாள் என்றே தெரியவில்லை.

"மேடம், இதுல பேரு என்னோடது. முடிவு என்னோடது இல்ல," என்றாள், குழுத் தலைவர் சுஷ்மாவிடம்.

கூடம் சலசலத்தது. கம்பெனி அதிகாரி குருபிரசாத் எழுந்தார். "மேடம், அவங்க கேட்ட அதே ஆட்கள்கிட்டதான் நாங்களும் கேட்டோம். மக்கள் கருத்து மாறியிருக்கு. அவ்வளவுதான்."

"காலைல பத்து மணிக்குக் கேட்டீங்களா சார்?"

"ஆமா."

"இருபத்திரண்டு நிமிஷம் பேசுனாங்களா?"

"சராசரியா."

"அம்புட்டுப் பேரும் விசைத்தறிக்காரங்க மேடம். அந்த நேரத்துல தறி ஓடும். பக்கத்துல நிக்கிறவன் பேசுறதே கேக்காது, கையைக் காட்டித்தான் பேசிக்குவாங்க. மணி இப்ப பதினொன்னரை. நீங்களே ஒரு நம்பரைத் தொட்டுக் காட்டுங்க, கூப்பிடுவோம்."

குருபிரசாத் ஆட்சேபித்தார். சுஷ்மா அவரைக் கையமர்த்திவிட்டுப் பட்டியலில் விரல் வைத்தார். சத்யப்ரியா போனை மைக் பக்கம் பிடித்தாள்.

தடக்தடக் தடக்தடக் என்று கூடமே அதிர்ந்தது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் கத்தியது: "ஏய், யாருப்பா? ஒண்ணும் கேக்கல! டீக்குப் போறப்பக் கூப்புடு!"

கட்டாகிவிட்டது. அடுத்த எண்ணிலும் அதே இரைச்சல்தான். "தறி ஓடுதுல்ல, போனை வைய்யா!" கூடத்தில் கைதட்டிச் சிரித்தார்கள். பின்வரிசையில் யாரோ விசிலே அடித்தார்கள்.

மூன்றாவது ஆள் உக்கிரபாண்டி. பொறுமைசாலி. "இருங்க, இருங்க, வெளிய வாரேன்," என்று கத்திக்கொண்டே நடந்தார். இரைச்சல் மெல்லத் தேய்ந்து தெருச் சத்தம் கேட்டது.

சுஷ்மா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "ஐயா, உங்க தெருவில் எத்தனை கம்பெனி லைன் இருக்குன்னு போன மாசம் யாராவது போனில் கேட்டாங்களா?"

"போன்லயா? இல்லையேம்மா. கரண்டு நிப்பாட்டுன அன்னைக்கு ஒரு புள்ள நேர்ல வந்துச்சு. இங்கன தறிமேட்டுல உக்காந்து எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டுப் போச்சு. ஒரே லைன்தான், அதுவும் வாரத்துல மூணு நாள் சாமியாடுதுன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். நான் சொன்னதை என்னம்மா பண்ணுனீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. குருபிரசாத் தன் செல்போனில் எதையோ மும்முரமாகத் தேடத் தொடங்கினார். சத்யப்ரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சுஷ்மா அறிக்கையை மூடினார். "இவர் சொன்னதை எழுதின தாள் இருக்கா?"

"இருக்கு மேடம். நானூத்திப் பன்னெண்டும் செல்லூர்ல என் ரூம்ல இருக்கு, அவங்க கையெழுத்தோட."

"மூணு மணிக்குக் குழு மறுபடி உட்காரும். கொண்டுவாங்க."

அவள் இறங்கி வரும்போது ஹாலாஸ்யம் எழுந்து வழிமறித்து நின்றார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "என் காரை எடுத்துண்டு போம்மா. நாழியாயிடப் போறது."

"உங்க கார் செல்லூர்ச் சந்துக்குள்ள நுழையாது சார்," என்று சொல்லிவிட்டு, ஆட்டோ பிடிக்க ஓடினாள்.